வார்த்தை நின்னா வண்டி நிக்கணும்

ஜோபினை நான் முதலில் பார்த்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில். எங்கள் அத்தாவின் வாயில் குத்திக்கொண்டிருந்தான். கத்தவில்லை, திட்டவில்லை, அழக்கூட இல்லை. இடது கையால் சட்டைக் காலரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்தினான். அத்தா தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. நான் ஓடிப்போய் அவன் முதுகில் செருப்பால் அடித்தேன், முடியைப் பிடித்து இழுத்தேன், கடைசியில் காதைக் கடித்தேன். பொம்பளைப் பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறவர்கள், தங்கள் அப்பனை ஒருவன் அடிக்கும்போது கைகட்டி நிற்கட்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டபோது அத்தாவின் முன்பற்கள் தரையில் கிடந்தன. ஜோபினின் காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவனுடைய அப்பா தவசிமுத்து வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவர்மேல் ஏறிய மெஷினை ஓட்டியவர் எங்கள் அத்தா, அப்துல் வஹாப். ஏற்றியவரும் அவர்தான், தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்தவரும் அவர்தான். அந்த மடியில்தான் உயிர் போயிற்று.

எங்கள் யார்டு திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் போகிற ரோட்டில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வருகிற கன்டெய்னர்களை இறக்கி அடுக்கி வைத்து, லாரி வந்ததும் எடுத்துக் கொடுக்கிற இடம். எந்த கன்டெய்னர் எங்கே போகவேண்டும் என்று கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து சொல்பவள் நான், ஜஸீமா. அத்தா ஓட்டுவது ரீச் ஸ்டாக்கர். முன்னால் நீளமான இரும்புக் கை ஒன்று இருக்கும். அது ஒரு முழு கன்டெய்னரைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். தூக்கிவிட்டால் ஓட்டுகிறவருக்கு எதிரே தெரிவது கன்டெய்னர் மட்டும்தான். மனிதன் தெரியமாட்டான். அதனால் தரையில் ஒரு ஆள், மெஷினுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, காதில் மாட்டிய போனில் வழி சொல்லிக்கொண்டே போவார். தவசிமுத்து அண்ணாச்சிக்கு அந்த வேலை.

வழி சொல்வது என்றால் பெரிய பிரசங்கம் ஒன்றும் இல்லை. "வா வா வா வா." அவ்வளவுதான். லாரி கிளீனர்களிடமிருந்து வந்த பழக்கம். வார்த்தை வந்துகொண்டிருக்கும்வரை வண்டி போகலாம். வார்த்தை நின்னா வண்டி நிக்கணும். நிறுத்து என்று சொல்வான் என்று யாரும் காத்திருக்கக்கூடாது, ஏனென்றால் அடிபட்டு விழுந்தவன் எதையும் சொல்லமாட்டான். எங்கள் யார்டில் வேதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

பழைய வாக்கி டாக்கிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிப் போனதும் முதலாளி எல்லாவற்றையும் வைஃபைக்கு மாற்றினார். ஆட்களின் பேச்சு, கன்டெய்னர் நம்பரைப் படிக்கிற கருவி, கேமரா எல்லாம் ஒரே வழியில். கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை டப்பா ஒன்றை மாட்டினார்கள். ஒரு டப்பாவின் எல்லையிலிருந்து அடுத்த டப்பாவின் எல்லைக்கு ஆள் நடக்கும்போது போனும் கூடவே கைமாற வேண்டும். மற்ற இடங்களில் ஒருமாதிரி மாறியது. நாலாம் வரிசைத் திருப்பத்தில் மட்டும், இரண்டு பக்கமும் இரும்புச் சுவராகக் கன்டெய்னர்கள் நிற்கிற இடத்தில், குரல் அறுந்துவிடும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் சத்தமே இருக்காது. பிறகு "வா வா" என்று மறுபடி கேட்கும்.

ஆரம்பத்தில் டிரைவர்கள் நின்றார்கள். யார்டு மேனேஜர் மதி, கன்டெய்னரிலேயே ஜன்னல் வெட்டிச் செய்த தன் ஆபீஸிலிருந்து இறங்கி வந்து, தாயைச் சேர்த்துத் திட்டினார். ஒரு டிரைவரை ஹெல்மெட்டாலேயே மண்டையில் அடித்தார். லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கிறதாம், இவர்கள் நின்று சாமி கும்பிடுகிறார்களாம். அப்புறம் யாரும் நிற்கவில்லை. புதிதாக வந்த டிரைவருக்குப் பழைய ஆள் சொல்லிக்கொடுத்தான்: "நாலாவதுல சத்தம் கட்டாவும், கண்டுக்காத. அங்க அப்டித்தான்."

அங்க அப்டித்தான். இந்த இரண்டு வார்த்தைதான் தவசிமுத்து அண்ணாச்சியைக் கொன்றது. கன்டெய்னர்களை ஒன்றோடொன்று பூட்டுகிற கனமான இரும்பு லாக் ஒன்று தரையில் கிடந்திருக்கிறது. பின்பக்கமாக நடந்த மனிதர் அதில் தடுக்கி, திருப்பத்திலேயே மல்லாந்து விழுந்தார். பின்மண்டை அடிபட்டு வாய் நின்றுபோனது. அத்தா காதில் சத்தம் அறுந்தது. தினமும் அறுகிற இடம்தானே என்று மெஷின் போயிற்று. மறுபக்கம் குரல் வரவேயில்லை.

பிணவறை வாசலில் ஜோபின் அடிப்பதற்கு முன்னால் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், அத்தா பிறகு சொன்னார்.

"பாய், வார்த்த நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சு," என்றார் அத்தா.

"அப்பால ஏன் போன?"

"அங்க அப்டித்தான்பா."

அந்தப் பதிலுக்குத்தான் முதல் குத்து விழுந்தது. இப்போது யோசித்தால் எனக்கே அடிக்கத் தோன்றுகிறது.

தவசிமுத்து அண்ணாச்சி தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். ராயபுரத்தில் சொந்தக்காரர் மளிகைக் கடையில் நின்று, பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு வெளியேறி, யார்டில் சேர்ந்தவர். அவர் "ஏல, இங்க வால" என்று கூப்பிட்டால் மகன் "இன்னா நைனா" என்று பதில் சொல்வானாம். ஜோபின் ராயபுரத்து மண். டிப்ளமா படித்துவிட்டு வைஃபை போடுகிற கம்பெனி ஒன்றில் வேலை. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைகள், கல்யாண மண்டபங்கள், குடோன்கள் என்று ஏணியும் கையுமாக அலைவான். மயிரிழை மாதிரி கம்பிகளை ஏணி உச்சியில் நின்று கோர்க்கும்போது அவன் கை நடுங்காது. அதே கையால், அம்மாவைப் பற்றி ஏதோ சொன்ன ஜவுளிக்கடை சூப்பர்வைசர் ஒருவனைப் புடவைக் குவியலோடு மாடிப்படியில் உருட்டியும் விட்டிருக்கிறான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்கு இரண்டும் நிறைய இருந்தது, அதுதான் தொல்லை.

அப்பாவைக் காசிமேட்டுக் கல்லறையில் புதைத்த அன்று, அம்மா தேவகிருபை முன்னால் வேதப் புத்தகத்தில் கை வைத்து, ஓட்டினவனை விடமாட்டேன் என்று சொன்னானாம். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அத்தாமேல் கேஸ் போட்டார்கள். ஜாமீனில் வந்து வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பல் போன வாயில் சோறு இறங்கவில்லை. ரீச் ஸ்டாக்கர் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் மதியே ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டார். போனவர், நாலாம் வரிசைத் திருப்பத்தில் சத்தம் அறுந்தால் நின்றார். ஒவ்வொரு தடவையும் நின்றார். மதி திட்டினார், மெஷின் கண்ணாடிமேல் தண்ணீர் பாட்டிலை விட்டெறிந்தார். அத்தா நின்றுகொண்டே இருந்தார். லாரிகள் மறுபடி ரோடு வரை நின்றன. வேறு வழியில்லாமல்தான் மதி வைஃபை கம்பெனிக்குப் போன் செய்தார்.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியவன் ஜோபின். கம்பெனியில் அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. மதிக்கு அவன் முகம் தெரியாது, செத்தவர் வீட்டுப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே. எனக்குத் தெரியும். என் பல் தடம் அவன் காதிலேயே இருந்தது.

கன்டெய்னர் கதவு சீல்களை அறுக்கிற நீளமான இரும்புக் கட்டரை எடுத்துக்கொண்டு நேராக அவன் ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

"இன்னாத்துக்கு வந்த?"

"வேல கீது, வந்தேன்," என்றான் மேலேயே பார்த்துக்கொண்டு.

"எங்க அத்தா மேல கை வச்ச, ஏணியோட சாச்சு அப்டியே புதைச்சிருவேன்."

"சாய்ச்சுக்கோ. ஆனா இந்த டப்பாவ கழட்டிட்டு சாய்ச்சுக்கோ. கீழ வுயுந்தா ஒடஞ்சிடும்."

"சொம்மா டபாய்க்காத. எதுக்கு வந்தன்னு கேட்டேன்."

அப்போதுதான் குனிந்து பார்த்தான். "எங்க சத்தம் அறுந்துதுன்னு பாக்கணும். உங்க அத்தா மெஷின்ல அவரு பக்கத்துல நின்னுகினே பாக்கணும். மெய்யாலுமே எங்க அறுந்துது, எங்க கேட்டுது, எங்க கேட்டும் போனாருன்னு தெரியணும். அப்பால இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியும்."

அவன் இடுப்பில் ஒயர் சீவுகிற கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அத்தாவிடம் ஓடினேன். இன்றைக்கு மெஷினில் ஏறாதே, உடம்பு சரியில்லை என்று சொல்லு என்று கெஞ்சினேன். அத்தா உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் அப்பன நான் கொன்னேன் ஜஸீ. அவன் ஏறணும்னா ஏறட்டும்."

"உன்ன கொன்னுட்டான்னா?"

"கொன்னா கொல்லட்டும். தெனம் செத்துகினுதான கீறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் கொல்வதற்கும் ஒருவர் சாவதற்கும் ரெடியாக இருந்தால் நடுவில் இருக்கிறவள் என்ன செய்வது? இன்னொரு சிக்கலும் வந்தது. மெஷினுக்கு முன்னால் நின்று வார்த்தை சொல்ல ஆளில்லை. அண்ணாச்சி செத்த இடத்தில், அவரை ஏற்றிய அதே டிரைவருக்கு முன்னால், பின்பக்கமாக நடக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். போன் திறந்தே இருக்கும், கேபினில் நடப்பது என் காதில் விழும். எங்கள் அத்தாவை அவன் தொட்டால் எனக்குத் தெரியவேண்டும் என்பதுதான் என் கணக்கு.

காலை வெயிலில் ஆரம்பித்தோம். காலி கன்டெய்னர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெஷின் வந்தது. ஒரே ஆள் உட்காருகிற கேபினில், அத்தாவின் சீட்டுக்குப் பின்னால் ஜோபின் நெருக்கி நின்றிருந்தான். கையில் லேப்டாப். நான் பின்னால் நடந்தேன். "வா வா வா வா." திருப்பம் வந்தது. என் காதிலும் சத்தம் அறுந்தது. மெஷின் குலுங்கி நின்றது.

சத்தம் திரும்பியதும் ஜோபினின் குரல் கேட்டது. "நிக்காத பாய். நடுவுல நின்னா அளவு தப்பாப் போவுது. இந்தாண்டேர்ந்து அந்தாண்ட ஒரே மூச்சா போவணும்."

"நான் போவமாட்டேன். வார்த்த நின்னா நிப்பேன்."

"அன்னிக்குப் போனல்ல?"

மெஷின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"அன்னிக்குப் போனல்ல? எங்க நைனா மேல போனல்ல? இன்னிக்கும் போ."

அத்தா "ஆ" என்று ஒரு சத்தம் கொடுத்தார். பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒயர் கத்தியைக் கழுத்தில் வைத்து அழுத்தியிருக்கிறான். காதுக்குக் கீழே தோல் கிழிந்து காலர் முழுக்க ரத்தம்.

"டேய் பேமானி, கைய எடுடா," என்று போனில் கத்தினேன். "அத்தா, நான் நல்லா ஓரமா ஒதுங்கி நிக்கறேன். அவன் சொல்றமாரி வந்துடு. எனக்கு ஒண்ணும் ஆவாது, வா."

அத்தா ஓட்டினார். கழுத்தில் கத்தியோடு, சத்தமில்லாத அந்த இடத்தைத் தாண்டி ஓட்டினார். மறுபடி பின்னால் போய், மறுபடி வந்தார். நான் நடந்து, சொல்லி, ஒதுங்கி, திரும்பி ஓடி, மறுபடி நடந்தேன். ஒவ்வொரு தடவையும் திருப்பத்தில் அறுந்தது, ஒவ்வொரு தடவையும் மெஷின் தாண்டியது. ஜோபினின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு "போ" என்றவன், பிறகு சும்மா "போ" என்றான். பிறகு லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டே, எங்கேயோ நினைவாக "ம், போ பாய்" என்றான். தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கத்தியை இடுப்பில் செருகிவிட்டான். வெயில் ஏறிவிட்டது, எனக்கும் நாக்கு வறண்டுவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை என்றான்.

அந்தத் தடவைதான் என் கால் லாக்கில் தடுக்கியது. ஆமாம், அதே மாதிரி ஒரு லாக். ஒரு மனிதர் செத்தபிறகும் அந்த யார்டில் அதைப் பொறுக்கி ஓரமாகப் போட ஒரு கை இல்லை, நாசமாய்ப் போக. மல்லாந்து விழுந்தேன். போன் காதிலிருந்து தெறித்து எங்கோ போயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. தலைக்கு மேலே கன்டெய்னரின் அடிப்பக்கம், துருப்பிடித்த சிவப்பாக வந்துகொண்டிருந்தது. கத்தினேன், என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அல்லாவை நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். எனக்கு நினைவுக்கு வந்தது தவசிமுத்து அண்ணாச்சியின் செருப்பு. அவர் செத்த அன்று அது மட்டும் நசுங்காமல் கிடந்தது.

மெஷின் நின்றது. முன்சக்கரம் என் கால் கட்டைவிரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கேபினில் என்ன நடந்தது என்று அத்தா பின்னால் சொன்னார். என் சத்தம் அறுந்திருக்கிறது. அத்தா பிரேக்கை மிதித்திருக்கிறார். கத்திக்குப் பயந்துதான் அதுவரை தாண்டினார், இப்போது கழுத்தில் கத்தி இல்லை. ஜோபின் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொல்லியிருக்கிறான்: "ஏன் நின்ன? போ பாய், இங்க அப்டித்தான்."

சொன்னவன் வாய் மூடுவதற்குள், நான் விழுந்ததைப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர் கைகளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

ஜோபின் கேபினிலிருந்து குதித்து வந்தான். தரையில் கிடக்கிற என்னைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். அப்படியே மண்டிபோட்டு வாந்தி எடுத்தான். எடுத்து முடித்துவிட்டு மெஷினின் இரும்புப் படியில் தன் தலையை மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை, நெற்றி பிளந்து ரத்தம் மூக்கில் வழிகிறவரை. அத்தா இறங்கி வந்து, அவன் தலைக்கும் இரும்புக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தார். அடுத்த மோதலில் அத்தாவின் விரல் எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அத்தா கையை எடுக்கவில்லை.

"போதும்பா," என்றார். "போதும்."

"தொடாத என்ன," என்றான் ஜோபின். "உன்ன நான் உடல. உட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

மறுநாள் நெற்றியில் கட்டோடு வேலைக்கு வந்தான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றேன். கட்டர் கொண்டுபோகவில்லை.

"இன்னாதான்டா கோளாறு இதுல?" என்று கேட்டேன்.

"டப்பா எல்லாம் ஃபுல் சவுண்டுல கத்திகினு கீது," என்றான். "தூரத்து டப்பாவோட கத்தல் கொஞ்சமா காதுல வுயுற வரிக்கும் போனு அத்தயே புட்ச்சிகினு தொங்குது. கிட்டக்கவே வேற டப்பா கீது, அத்த ஏறெடுத்துப் பாக்கல. கட்டிக்குடுத்த பொண்ணு மாமியா வூட்டு வாசல்ல நின்னுகினு அம்மா வூட்டுக் கதவயே தட்டிகினு கீறா மாரி."

"அப்பால?"

"அப்பால அது அறுந்துதான் இங்க வருது. வந்தா இந்த டப்பா, நீ யாரு, எந்த ஊரு, பாஸ்வேர்டு இன்னான்னு மொதல்லேர்ந்து கேக்குது. அதுக்குள்ள மனுசன் செத்துடறான்."

எல்லா டப்பாக்களின் சிக்னல் சத்தத்தையும் குறைத்தான். திருப்பத்தில் இருந்ததைக் கழற்றி, இரண்டு பக்கமும் தெரிகிற கம்பத்துக்கு மாற்றினான். பக்கத்து டப்பா எது என்று போனுக்கு முன்கூட்டியே தெரிகிற மாதிரியும், ஒரு டப்பாவில் சொன்ன பாஸ்வேர்டை அடுத்தது மறுபடி கேட்காத மாதிரியும் செய்தான். பிறகு யாருக்கு முதலில் வழி என்று வரிசை வைத்தான். ஆள் பேசுகிற குரல் முதலில். கன்டெய்னர் நம்பர் படிக்கிற கருவி அடுத்து. கேமராப் படம் அதற்குப் பின்னால். ஆபீஸில் மதி பார்க்கிற கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை கேமராப் படங்கள் வழி முழுக்க அடைத்துக்கொண்டு போகும், குரல் அதன் பின்னால் சிக்கிக்கொண்டு முழிக்கும். ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவதுபோல இனி எல்லாம் குரலுக்கு ஒதுங்கவேண்டும் என்றான்.

மறுபடி நான்தான் முன்னால் நடந்தேன். விரலில் கட்டுப் போட்ட கையோடு அத்தா ஓட்டினார். ஜோபின் தரையில் எனக்குப் பக்கத்திலேயே நடந்தான், மெஷின் வந்தால் அவன் மேலும்தான் வரும். "வா வா வா வா." திருப்பம் வந்தது, போயிற்று. குரல் அறுபடவில்லை. மறுமுறை திருப்பத்தின் நடுவில் நான் வேண்டுமென்றே வாயை மூடினேன். மெஷின் நின்றது. ஜோபின் ஏணியை எடுத்துக்கொண்டு போனான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மதி என்று ஒரு பிறவி இருக்கிறதே.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பகலில் எல்லோர் குரலும் துண்டு துண்டாக வந்தது. திருப்பத்தில் மட்டும் என்றில்லை, யார்டு முழுக்க. "வா" என்றால் பாதி "வா" கேட்டது. அத்தா மெஷினை நிறுத்தி, சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நான் ஜோபினுக்குப் போன் செய்தேன். மதி ஆபீஸிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஏன்யா எறங்குன? யாரக் கேட்டு எறங்குன?"

"வார்த்த ஒயுங்கா வரல சார். ஓட்டமாட்டேன்," என்றார் அத்தா.

"கொலகாரனுக்கு ரூல்ஸு வேற கேக்குதா?" என்று சொல்லி அத்தாவின் கன்னத்தில் அறைந்தார். பல் இல்லாத வாய் கோணிக்கொண்டது. நான் மதியின் சட்டையைப் பிடித்தேன், செக்யூரிட்டிகள் என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவர் எங்கள் அத்தாவை மறுபடி அறைந்தார். யார்டே பார்த்துக்கொண்டு நின்றது. அத்தா சாவியைக் கொடுக்கவில்லை.

ஜோபின் பைக்கை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு வந்தான். அத்தாவின் கன்னத்தைப் பார்த்தான். நேராக ஆபீஸுக்குள் போனான். மதி பின்னாலேயே ஓடினார், நானும் செக்யூரிட்டிகளை உதறிவிட்டு ஓடினேன். ஜோபின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான்.

"கேமராவ மேல ஏத்தினது யாரு?"

"நான்தான்," என்றார் மதி. "மொதலாளி வெளியூர்லேர்ந்து பாக்கறாரு, படம் நின்னு நின்னு போவுதுன்னாரு. மாத்தினேன். அதுக்கு இன்னா இப்போ?"

"கொரல கீழ எறக்கினியா?"

"கொஞ்சம் வுட்டு வுட்டுக் கேட்டா இன்னாய்யா? இவ்ளோ நாளு அப்டித்தான ஓடிச்சு."

ஜோபின் எழுந்தான். அந்த ஆபீஸின் கதவு கன்டெய்னர் கதவு, தனி இரும்பு. மதியின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்துக் கதவுச் சந்தில் வைத்தான். கதவைச் சாத்தினான். மதி அலறிய அலறலில் லாரிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைத் திறந்து மறுபடி சாத்தினான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது தடவை சாத்துவதற்குள் நான் போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். போதும் என்று நினைத்துப் பிடித்தேனா, மாட்டிக்கொள்வானே என்று பிடித்தேனா, தெரியாது.

"தவசிமுத்து புள்ளடா நான்," என்று மதியிடம் அப்போதுதான் சொன்னான்.

மதி தரையில் உருண்டுகொண்டிருந்தார். ஜோபின் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த ரத்தத்தைப் பேண்டில் துடைத்துவிட்டு, குரலை மறுபடி முதல் இடத்துக்கு ஏற்றினான். கேமராவைக் கீழே இறக்கினான். யாரும் உள்ளே போய் மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டை மாற்றினான். "பேசிப் பாரு," என்றான் என்னிடம். நான் போனில் "அத்தா" என்றேன். "கேக்குதுமா, தெளிவா கேக்குது," என்று குரல் வந்தது. பிறகு வெளியே வந்து, கவிழ்ந்து கிடந்த பைக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு, போலீஸ் வருகிறவரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

அவனைப் புழல் ஜெயிலில் போட்டார்கள். மதிக்கு அந்தக் கையில் விரல்கள் இனி மடங்காது. சரி என்று நான் சொல்லவில்லை. தூக்கமும் கெடவில்லை எனக்கு. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கேட்டபோது பங்காளி மளிகைக் கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கோர்ட்டில் போய்க் கையெழுத்துப் போட்டவர் அப்துல் வஹாப். வாசலில் தேவகிருபை அம்மா நின்றுகொண்டிருந்தார். அத்தாவைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஜோபின் வெளியே வருகிற அன்று அத்தா தெரிந்தவரிடம் லோடு ஆட்டோ ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புழலில் ஜெயில் பக்கத்துச் சந்து ஒன்றில் நிறுத்தியிருந்தோம். ஜோபின் வந்தான், இளைத்திருந்தான். எங்களைப் பார்த்துவிட்டு நின்றான். ஏறவும் இல்லை, போகவும் இல்லை.

சந்தில் திருப்ப இடமில்லை, ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே போகவேண்டும். அத்தா கியரைப் போட்டார். ஜோபின் மெதுவாக வண்டிக்குப் பின்னால் போனான். நடுச் சந்தில், வண்டிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

"வா வா வா வா."

வண்டி பின்னால் போயிற்று. கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கமாகவே நடந்து வந்தவன், பாதிச் சந்தில் அப்படியே நின்று வாயை மூடிக்கொண்டான். கால் தடுக்கவில்லை, விழவில்லை. பின்னால் ரோடு காலியாகத்தான் இருந்தது.

அத்தா நின்றார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரோட்டில் வந்த ஒரு லாரி ஹாரன் அடித்தது. அத்தா அசையவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத் தகரத்தில் மறுபடி ஒரு தட்டு விழுந்தது.

"வா பாய்," என்றான் ஜோபின்.